வெண்பனி இல்லாத மலையில் ஒரு துரை: ஜேம்ஸ் டெய்லரின் நாற்பது ஆண்டுகளும் மகாவலியும்

இமயமலையில் மாரிகாலத்தில் விழும் வெண்பனி உடனே ஆறாக ஓடிவிடுவதில்லை. மாதக்கணக்கில் மலையிலேயே தங்கி, வெயில் ஏறும்போது சிறிது சிறிதாக உருகிக் கீழே இறங்குகிறது. மழை இல்லாத மாதங்களிலும் சிந்துவும் கங்கையும் ஓடுவதற்கு அந்தச் சேமிப்பும் ஒரு காரணம். சேமிப்பு குறைந்தால், மழை சரியாகப் பெய்த ஆண்டிலும் கோடையில் ஆறு மெலியும். 2015 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் வழமையான பனியில் 5 சதவீதம்தான் எஞ்சியிருந்தது. 2025இல் இந்துகுஷ் இமயமலைத் தொடரில் பனி தங்கிய அளவு வழமையைவிட ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்து, 23 ஆண்டுகளில் மிகக் குறைவானதாகப் பதிவாகியது.

இலங்கையில் வெண்பனி இல்லை. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையிலும் பனி படிந்து நிற்பதில்லை. தை, மாசி விடியல்களில் நுவரெலியாவின் புற்றரையில் துகள் பனி வெள்ளையாகப் படியும், வெயில் பட்டதும் காணாமற் போய்விடும். அப்படியானால் மழை ஓய்ந்த மாதங்களில் மகாவலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து. சரியாகச் சொன்னால், காட்டுக்கு அடியில் கிடந்த மண்ணிலிருந்து. நம் மலையில் பனி செய்யவேண்டிய வேலையை அந்த மண்தான் செய்துவந்தது.

அந்தக் காட்டைத் திறந்தவர்கள் பலர். அவர்களில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கைத் தேயிலையின் தந்தை என்று பாடப்புத்தகம் முதல் தேயிலைப் பெட்டி வரை எழுதப்பட்டிருக்கும் அதே மனிதர். தேயிலையைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவர் வாழ்க்கையைத் தண்ணீரின் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு. மகாவலியின் கடைசி முனையில், வெருகலிலும் மூதூரிலும் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல.

டெய்லர் 1835 மார்ச் 29இல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், கின்கார்டின் பகுதியில் ஓக்கன்பிளே என்ற ஊருக்கு அருகே பிறந்தார். தகப்பன் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். ஒன்பது வயதில் தாய் இறந்தார், தகப்பன் மறுமணம் செய்துகொண்டார். பையன் படிப்பில் கெட்டிக்காரன். பதின்ம வயதிலேயே பள்ளிக்கூடத்தில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த ஊரில் தச்சன் மகனுக்கு அதற்கு மேலே பெரிய வழி இருக்கவில்லை. தாய்வழி உறவினர் ஒருவர் ஏற்கெனவே இலங்கைக்குப் போய்க் கோப்பித் தோட்டத்தில் இருந்தார். 1851இல் பதினாறு வயதில் டெய்லரும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒக்ரோபரில் கப்பலேறினார். 1852 பெப்ரவரியில் கொழும்பில் இறங்கினார். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அவர் வளர்ந்த நாட்டில் மலைச்சரிவு மாரியில் வெளுத்து, இளவேனிலில் உருகி ஓடையில் இறங்கும். வந்து சேர்ந்த மலையில் ஆண்டு முழுவதும் பச்சை. கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கும் ஹேவாஹெட்டைக்கும் இடைப்பட்ட சரிவில் லூல்கந்துர என்ற தோட்டம் அவர் கையில் வந்தது. கந்துர என்றால் சிங்களத்தில் மலையோடை. தோட்டத்தின் பெயரிலேயே தண்ணீர் இருந்தது. அந்தப் பக்கத்து ஓடைகள் எல்லாம் எந்த வழியாக வளைந்து போனாலும் இறுதியில் மகாவலியில்தான் சேர்கின்றன.

டெய்லர் வந்தபோது கண்டிச் சீமையில் காட்டுக்கு எதிரான வேலை கால்நூற்றாண்டைத் தாண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்று கொண்டது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் தலைமுறையாகச் சேனை செய்த நிலமும், மாடு மேய்த்த காடும் ஒரே சட்டத்தில் அரசின் கைக்குப் போயின. ஏக்கர் ஐந்து சில்லிங் என்று விற்றார்கள். ஆளுநர் முதல் சாதாரண அதிகாரி வரை வாங்கினார்கள். மலையக வரலாற்றை நாம் கப்பலிலிருந்தும் கங்காணியிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே அந்த மண்ணில் வேறொரு மக்களின் இழப்பு நடந்து முடிந்திருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதியாகிவிடும்.

காட்டை வீழ்த்திய முறையைத் தோட்டக்காரர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி விட்டுவிடுவார்கள். எல்லாம் பாதி வெட்டிய நிலையில் நின்றுகொண்டிருக்கும். கடைசியில் உச்சியில் நிற்கும் சில பெருமரங்களை முழுதாக வெட்டுவார்கள். அவை சாயும்போது கீழ்வரிசையின்மேல் விழ, அது அடுத்த வரிசையை இழுக்க, முழுச்சரிவும் இடியோசையோடு ஒரே மூச்சில் படுத்துவிடும். கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வந்த சிங்களக் கிராமத்தவர்கள். காய்ந்தபின் தீ வைப்பது, கருகிய கட்டைகளுக்கிடையில் குழி வெட்டுவது, நாற்று நடுவது, ரோட்டு வெட்டுவது எல்லாம் தமிழ்த் தொழிலாளிகளின் வேலை.

அந்தத் தொழிலாளிகள் வந்த வழி இந்தக் கட்டுரையின் வாசகர்கள் பலருக்கு அறிமுகமான வழி. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து நடந்து கடற்கரைக்கு வந்து, தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது மைல். அது உலர்வலயம். குளங்கள் பல உடைந்து கிடந்த காலம். வாந்திபேதியும் காய்ச்சலும் போலவே தாகமும் ஆட்களைக் கொன்றது. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் வரை இறந்ததாகக் கொழும்புப் பத்திரிகை ஒன்று அக்காலத்தில் கணக்கிட்டது. அந்த எண் மிகையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். பாதையோரத்தில் புதைக்கப்படாமல் கிடந்த உடல்களைப் பற்றி எவரும் வாதிடவில்லை. பின்னர்தான் அரசாங்கம் அந்த வழியில் கிணறு வெட்டி, தங்கும் கொட்டில்கள் போட்டது.

ஆக, தண்ணீர் இல்லாத வழியில் நடந்து வந்தவர்கள் தண்ணீர் பிறக்கும் இடத்தில் வேலைக்கு நின்றார்கள். அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

மலைக்காட்டில் மழை நேராக மண்ணை அடிப்பதில்லை. இலை, கிளை, பாசி, அடியில் உக்கிக் கிடக்கும் சருகு என்று ஒவ்வொன்றிலும் தங்கித் தங்கி இறங்குகிறது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்த மண் அதைக் குடித்துக்கொள்கிறது. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டில் இன்னொன்றும் நடக்கிறது: மழையே பெய்யாத நாளிலும் மேகமும் மூடுபனியும் மரத்தில் மோதி, பாசியில் ஒட்டி, துளித்துளியாகச் சொட்டுகின்றன. மண்ணுக்குள் போன தண்ணீர் வாரங்கள், மாதங்கள் கழித்து ஊற்றாகக் கசிகிறது. தோட்டத்துச் சனங்கள் பீலி என்று சொல்லும் தண்ணீர் இப்படி வருவதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மேடைகளில் இது அடிக்கடி தவறாகப் பேசப்படுகிறது. காடும் தண்ணீர் குடிக்கும். காட்டை வெட்டினால் ஆண்டு முழுவதும் ஆற்றில் ஓடும் மொத்தத் தண்ணீர் பல இடங்களில் கூடியே இருக்கிறது. சிக்கல் அது வருகிற நேரத்தில் இருக்கிறது. மேல்மண் கழுவுண்டு, நிலம் இறுகிப் போனபின் மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் மேலால் ஓடுகிறது. மழைமாதத்தில் வெள்ளம், வெயில்மாதத்தில் வெறும் மணல். வெண்பனி விழவேண்டிய மலையில் மழையாக விழுந்தால் என்ன ஆகுமோ அதேதான் இது. தண்ணீர் வந்தும் தங்குவதில்லை.

கோப்பித் தோட்டம் இதற்கு மோசமான உதாரணம். ஒரு புல்கூட இல்லாமல் நிலம் சுத்தமாகக் கிடக்கவேண்டும் என்பது துரைமாரின் ஒழுங்கு. சுரண்டியால் சுரண்டிச் சுரண்டி வெறும் மண்ணை மழைக்குக் காட்டினார்கள். தண்ணீர் தேங்கி வேரைக் கெடுக்காமல் இருக்கச் சரிவில் கான் வெட்டினார்கள். கான் தண்ணீரை விரைவாக ஓடைக்குக் கொண்டுபோனது, கூடவே மண்ணையும். மலைநாட்டில் தோட்டங்கள் வந்தபின் ஏறத்தாழ ஓர் அடி மேல்மண் போய்விட்டது என்று மண்ணியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதை அக்காலத்திலேயே கண்டவர்கள் இருந்தார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவை முப்பது ஆண்டுகள் நடத்திய துவெய்ட்ஸ் அவர்களில் ஒருவர். இலண்டன் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், மலையுச்சிக் காடுகளை அழித்தால் காலநிலையும் ஓடைகளும் கெடும் என்று 1873இல் குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எழுதினார். வில்லியம் கிறெகரி ஆளுநராக இருந்த காலத்தில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. 1882இல் வின்சென்ட் என்ற வன அதிகாரி நாட்டின் காடுகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார், மூன்று ஆண்டுகளில் வனச்சட்டம் வந்தது. இன்று ஹோர்டன் சமவெளியிலும் சிவனொளிபாத மலைப் பக்கத்திலும் மிஞ்சியிருக்கும் முகில்காட்டுக்கு அந்த ஐயாயிரம் அடிக் கோடு பெரிய காரணம். ஆனால் கோட்டுக்குக் கீழே, கண்டியைச் சுற்றியிருந்த சரிவுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே வழித்தெடுக்கப்பட்டுவிட்டன.

டெய்லர் இந்த விவாதத்தில் ஒரு பக்கத்தில் நின்றவராகத் தெரியவில்லை. அவர் எழுதியவை ஊருக்குப் போட்ட கடிதங்கள். ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் அவை இருக்கின்றன. வேலை, ரோட்டு, வீடு, விலை, குடும்பம் என்று போகும் கடிதங்கள். அவற்றிலிருந்து தெரிகிற மனிதர் மண்ணோடும் மரத்தோடும் பழகுவதில் தீராத ஆவல் உள்ளவர். இருநூற்று நாற்பது இறாத்தலுக்கு மேல் எடை, நீண்ட தாடி. அவருடைய ஒரு விரல் சாதாரண மனிதரின் மூன்று விரல் தடிப்பு என்று அவரைக் கண்டவர்கள் சொல்லி வைத்தார்கள். மற்றத் துரைமார் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் குதிரைப் பந்தயம், விருந்து என்று போய்க்கொண்டிருந்தபோது அவர் தோட்டத்தை விட்டு அசையவில்லை. திருமணமும் செய்யவில்லை.

முதலில் சின்கோனா. காய்ச்சலுக்குக் கொய்னா எடுக்கும் அந்த மரத்தைத் தோட்டப் பயிராக நட்டு வெற்றி கண்ட முதல் ஆட்களில் அவரும் ஒருவர். அதன்பின் தேயிலை. பேராதனையில் 1824இலேயே சீனத் தேயிலை நட்டிருந்தார்கள், 1839இல் அசாம் விதையும் வந்திருந்தது. எவரும் அதைத் தொழிலாகப் பார்க்கவில்லை. 1866இல் பேராதனையிலிருந்து கொஞ்சம் விதை எடுத்து ரோட்டோரத்தில் நட்டுப் பார்த்த டெய்லர், 1867இல் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் அசாம் வகைத் தேயிலையை நட்டார். கண்டிக்கு ரெயில் வந்ததும் அதே ஆண்டுதான்.

அவரது முதல் தொழிற்சாலை அவர் வீட்டுத் திண்ணை. மேசையில் கொழுந்தைப் பரப்பி, தொழிலாளிகள் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வைத்து உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் வாட்டினார்கள். 1872 அளவில் தனிக் கட்டடம் எழும்பியது. அங்கே உருட்டும் இயந்திரம் ஒன்றை அவரே செய்தார். அதை ஓட்டியது ஓடைத் தண்ணீரில் சுழன்ற சக்கரம். தச்சன் மகனுக்குச் சக்கரம் செய்வது புதிதல்ல. மலையோடையின் விசையில் இலங்கைத் தேயிலைத் தொழில் சுழலத் தொடங்கியது என்பதைத் தேயிலைப் புகழ் பாடும் நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. அந்தச் சக்கரம் வெயில்மாதத்திலும் சுழல மேலே காடு வேண்டும். காட்டை வெட்டியவரின் இயந்திரமே காட்டுத் தண்ணீரை நம்பியிருந்தது.

1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போனது. அடுத்த ஆண்டு டெய்லர் தன் வாழ்நாளின் ஒரே விடுமுறையை எடுத்தார். போனது டார்ஜிலிங்குக்கு, அதுவும் தேயிலை பார்க்க. வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்காவின் பனி முழுவதும் தெரியும் ஊர் அது. அங்கே தேயிலை மலைக்குக் கீழே ஓடும் தீஸ்தா ஆற்றுக்கு மேலே பனிமலை இருக்கிறது. லூல்கந்துரவுக்கு மேலே அப்படி ஒன்றும் இல்லை.

அதற்கிடையில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் இலையில் செம்மஞ்சள் துரு போல ஒரு பூஞ்சை தோன்றியது. 1870களின் இறுதியில் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர் வரை பரவியிருந்த கோப்பி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றுமில்லாமல் போனது. துரைமார் பலர் கடனோடு கப்பலேறினார்கள். 1884இல் ஓரியண்டல் வங்கி கவிழ்ந்தது. மிஞ்சியவர்கள் லூல்கந்துரவுக்கு வந்து பார்த்தார்கள். டெய்லரின் 19 ஏக்கர், அந்த நூற்றாண்டு முடியுமுன் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. கோப்பி ஏறாத உயரங்களுக்கும் தேயிலை ஏறியது.

மலைக்கு அதனால் வந்தது ஒன்று, மனிதருக்கு வந்தது இன்னொன்று. கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம், பலர் அப்படித்தான் செய்தார்கள். தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரத்துக்கொருமுறை கொழுந்து வரும், ஆண்டு முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை. குடும்பமாக வந்து லயத்தில் குடியிருந்தே ஆகவேண்டிய தொழில் அது. அந்தத் திருப்பத்தின் நடுவில்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. காவிரிக்கும் வைகைக்கும் மேலே பனிமலை இல்லை, மழை இல்லையென்றால் ஆறு இல்லை. வரண்ட ஊர்களை விட்டு ஆயிரமாயிரமாகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். மலையகத் தமிழர் என்ற ஒரு மக்கள் கூட்டம் இந்த மண்ணில் வேர்விட்டதற்குக் காரணம் கோப்பி என்பதைவிடத் தேயிலை என்பதே சரி. டெய்லர் அதை நினைத்துச் செய்தவர் அல்ல. ஆனாலும் அவர் திண்ணையில் தொடங்கியது அதில்தான் போய் முடிந்தது.

அவரை நல்ல துரை என்று நினைவுகூர்கிற மரபு ஒன்று உண்டு. தொழிலாளிகள் சாமித்துரை என்று அழைத்ததாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஒரே தோட்டத்தில் நாற்பது ஆண்டு இருந்தவர், ஆள்முகம் தெரிந்தவர், மற்றவர்களைவிட நியாயமாக நடந்திருக்கலாம். ஆனால் கடனும் துண்டும் கங்காணியும் பிரம்பும் சேர்ந்த ஒரு முறையில் துரையின் குணம் ஓரளவுக்குத்தான் போகும். அவர் கடிதங்கள் எடின்பரோவில் பத்திரமாக இருக்கின்றன. திண்ணையில் முழங்கை தேயக் கொழுந்து உருட்டியவர்களில் ஒருவரின் பெயரையும் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் நாம் காண்பதில்லை.

முடிவு அவருக்கும் நன்றாக அமையவில்லை. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து மலைநாட்டில் தோட்டங்கள் வாங்கினார், இலங்கைத் தேயிலையின் பெயரும் பணமும் அவருக்குப் போயின. தோட்டக்காரர் சங்கம் டெய்லருக்கு வெள்ளியில் தேநீர்ப் பாத்திரங்கள் கொடுத்துக் கௌரவித்தது. ஆனால் லூல்கந்துர அப்போது ஒரு கம்பனியின் கையில் இருந்தது. 1892இல் கம்பனி அவரை ஆறு மாதம் சம்பளமில்லா லீவில் போகச் சொன்னது. தனக்கு நோய் இல்லை, லீவும் வேண்டாம் என்று அவர் மறுத்தார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாற்பது ஆண்டு இருந்த வீட்டை விட்டு இறங்குமுன், மே 2இல், வயிற்றுளைவு கண்டு அங்கேயே இறந்தார். வயது 57. இருபத்துநான்கு பேர், பன்னிருவர் பன்னிருவராகத் தோள் மாறி, அந்தப் பாரமான உடலைக் கண்டிவரை சுமந்து வந்தார்கள். தொழிலாளிகள் பின்னால் நடந்தார்கள். மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில், இந்தத் தீவில் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் முன்னோடி என்று எழுதியிருக்கிறது.

அவர் இறந்தபின் அந்த மலைக்கும் தண்ணீருக்கும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947இல் மலைநாட்டில் பெருவெள்ளம் வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியே உக்குவளைக்குத் திருப்பினார்கள். 1985இல் விக்டோரியா அணை. இவையெல்லாம் ஒரு வகையில், மலை தன் மண்ணில் வைத்திருந்த சேமிப்பைக் கொங்கிறீற்றுக்குள் வைக்கும் முயற்சிதான். ஆனால் மேலே மண் நிற்காவிட்டால் கீழே அணையும் நிற்காது: பொல்கொல்லை நீர்த்தேக்கம் பன்னிரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வண்டலால் இழந்தது. அந்தப் பழியைத் தேயிலையின்மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. நன்றாகக் கவ்வாத்துச் செய்து, இடைவெளியில்லாமல் மூடி நிற்கும் தேயிலை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பராமரிப்பில்லாமல் செடி செத்து வெறித்த பழைய தேயிலை மலைகளும், செங்குத்துச் சரிவில் போட்ட புகையிலையும் மரக்கறியும்தான் இன்று அதிகம் மண்ணை இறக்குகின்றன. கூடவே மழையும் நிலையில்லை. 2016இலும் 2017இலும் நாற்பது ஆண்டில் காணாத வரட்சி என்று சொல்லப்பட்ட வரட்சி வந்தது. விக்டோரியாவின் நீர் இறங்கும் அப்படியான காலங்களில், மூழ்கிய பழைய தெல்தெனிய நகரத்தின் சுவர்கள் வெளியே தெரியும். அந்த 2017இல்தான் தேயிலையின் 150ஆம் ஆண்டைக் கொழும்பில் கொண்டாடினார்கள்.

மக்களுக்கு நடந்தது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இரு பிரதமர்கள் அவர்களைப் பங்கு பிரித்தார்கள். 1970களில் தோட்டங்களில் பட்டினி, 1977இலும் 1981இலும் 1983இலும் அடியும் நெருப்பும். மலையை விட்டு வன்னிக்கு இறங்கியவர்கள் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். முப்பாட்டன் தாகத்தோடு நடந்து கடந்த அதே நிலம். கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியிருந்தவர்கள் 1984இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அங்கே பின்னர் குடியேற்றப்பட்ட சிங்களவர்கள் அதே ஆண்டு நவம்பரில் கொல்லப்பட்டார்கள். மணலாறு மகாவலியின் எல் வலயம் ஆனது. மகாவலித் தண்ணீர் அங்கே வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2009 வரை தப்பி ஓடியவர்களிலும் தப்பாதவர்களிலும் எத்தனை பேர் கண்டிச் சீமையின் பேரப்பிள்ளைகள் என்று எவரும் எண்ணிச் சொல்லவில்லை.

ஆற்றின் மறுமுனையிலும் தண்ணீர் போருக்குள் வந்தது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, ஒரு கிளை வெருகலாறாகப் பிரிய, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. வெருகலாற்றிலிருந்து மாவிலாறு வாய்க்கால் போகிறது. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் அதன் மதகை மூடினார்கள். கீழே சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று எல்லோருடைய வயலும் காய்ந்தது. மதகைத் திறக்க என்று தொடங்கிய படைநடவடிக்கை மூதூருக்குப் பரவி, மூன்று ஆண்டுகள் ஓயவில்லை.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கியது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலேயே நடந்தார்கள். வழியோர ஊர்களில் சனங்கள் தண்ணீர் கொடுத்தார்கள். ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். பொல்கொல்லையில் திருப்பிய மகாவலித் தண்ணீர் உக்குவளையில் விழுந்து, சுதுகங்கையாக அந்த ஊர்ப் பக்கத்தால்தான் அனுராதபுரத்துக் குளங்களை நோக்கி வடக்கே போகிறது.